கூட்டத்தில் ஒருவர் "வெட்டுவேன்" என்றால் சங்கம் என்ன செய்வது?

இராமநாதபுரம் கடற்கரையில் சங்கக் கூட்டம் என்றாலே சத்தம்தான். பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ நாற்காலி போட்டு மைக் கட்டி உட்கார்ந்தால், டீசல் மானியத்தில் தொடங்கும் பேச்சு கச்சத்தீவில் போய் நிற்கும். தேர்தல் நேரமென்றால் கேட்கவே வேண்டாம். அப்படி ஒரு கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் எழுந்து, எதிர்க்கட்சிக்காரர் ஒருவரின் பெயரைச் சொல்லி, "இனி இந்தத் தெருவுக்குள்ள வந்தா உசுரோட திரும்ப மாட்டான்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாதிப் பேர் கை தட்டுகிறார்கள். தலைவர், "சரி சரி, அடுத்த விஷயம்" என்கிறார்.

மீனவர் சங்கமோ, ஜமாஅத்தோ, பங்குப் பேரவையோ, இளைஞர் நற்பணி மன்றமோ, எதுவானாலும் இதற்குப் பிறகு உள்ள வழிகள் ஏறக்குறைய ஒன்றுதான்: கண்டுகொள்ளாமல் விடுவது, ஆளைத் தள்ளி வைப்பது, காவல் நிலையத்துக்குப் போவது, சங்கத்துக்குள்ளேயே கேட்டு முடிப்பது.

தலைவர் செய்தது முதல் வழி. இதற்குச் சொல்லப்படும் நியாயத்தை நான் லேசாக எடுக்க மாட்டேன். 2017 மார்ச்சில் தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் கடலில் சுட்டுக் கொல்லப்பட்டபோது இந்தக் கரை கொதித்தது. அந்த நேரத்தில் வாயில் வந்த வார்த்தைக்கெல்லாம் கணக்குக் கேட்டால் யாரும் பேசவே முடியாது. உச்ச நீதிமன்றமும் 2015இல் இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் தண்டனை என்ற தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை நீக்கியபோது, ஒன்றைப் பற்றிப் பேசுவது, அதற்காக வாதாடுவது, ஆளைத் தூண்டிவிடுவது என்று மூன்றையும் பிரித்துக் காட்டியது. சங்கமும் அப்படிப் பிரிக்கலாம். அரசையும் இலங்கைக் கடற்படையையும் எவ்வளவு காரமாகத் திட்டினாலும் அது பேச்சு. ஊரில் நடமாடும் ஒருவரின் பெயரோ, தெருவோ, நாளோ உள்ளே வந்துவிட்டால் வேறு கணக்கு. மேலே சொன்ன பேச்சில் பெயரும் இருக்கிறது, தெருவும் இருக்கிறது.

'வாய்ச்சவடால்தானே' என்று இதை விட இந்த மாவட்டத்துக்கு உரிமை இல்லை. 1957 செப்டம்பர் 10ஆம் தேதி முதுகுளத்தூரில் அமைதிக் கூட்டம் நடந்தது. அதில் கலந்துகொண்ட ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் இம்மானுவேல் சேகரன் மறுநாள் பரமக்குடியில் கொல்லப்பட்டார். அதன் பின் நடந்த கலவரத்தின் பேச்சு இன்னும் ஓயவில்லை. எல்லோரையும் உட்கார வைத்துப் பேசியாகிவிட்டது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவதிலும் ஆபத்து இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இரண்டாவது, தள்ளி வைப்பது. பேசியவர் வெறும் உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர் என்றால் நீக்கிவிட்டுப் போகலாம். கடற்கரைக் கிராமத்தில் அப்படி இல்லை. அவர் மீனை ஏலம் விட ஆள் வராது, ஐஸ் கிடைக்காது, படகுக்குத் தொழிலுக்கு வர யாரும் துணிய மாட்டார்கள். பேசியது அவர், பட்டினி வீட்டுக்கு. மகாராஷ்டிரம் 2016இல் சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்கித் தனிச் சட்டமே கொண்டுவந்தது. கட்டப்பஞ்சாயத்தை நம் உயர் நீதிமன்றம் எத்தனையோ முறை கண்டித்துவிட்டது. இன்னொன்றும் இருக்கிறது. தள்ளி வைக்கப்பட்டவருக்கு இழக்க ஒன்றும் மிச்சமில்லை. அவரைக் கூப்பிட்டு அடக்கவும் ஆள் இல்லை. மறுநாளே ஏதாவது கட்சி அவருக்குத் துண்டு போர்த்தும்.

காவல் நிலையம் மூன்றாவது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் பகையைத் தூண்டுவதற்கு 196ஆம் பிரிவு, மிரட்டலுக்கு 351ஆம் பிரிவு. ஆயுதம், ஆள் சேர்ப்பு, நாள் குறிப்பு என்று ஏதாவது தெரிந்தால் யோசிக்கவே கூடாது, அன்றிரவே போக வேண்டும். அந்த நிலையில் 'ஊர் விஷயம், ஊருக்குள்ளேயே' என்பவரை நான் நம்ப மாட்டேன். அது இல்லாதபோது முதல் அடியாகவே புகார் கொடுப்பதில் ஒரு சிக்கல். வழக்குப் பதிவானால் சங்கம் நினைத்தபடி திரும்பப் பெற முடியாது. வளைகுடா வேலைக்குக் காத்திருக்கும் இருபது வயதுப் பையனுக்கு அது காவல்துறைச் சான்றிதழில் வந்து நிற்கும்.

நான்காவது வழியைத்தான் நான் எடுப்பேன், ஆனால் வழக்கமாகச் செய்கிற மாதிரி இல்லை. வழக்கம் என்ன? மறுநாள் பெரியவர் ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, "ஏப்பா தம்பி, இப்படியா பேசுறது" என்பார். தம்பியும் தலையாட்டுவார். கை தட்டிய பாதிக் கூட்டத்துக்கு இது தெரியவே தெரியாது. சங்கம் ஏற்றுக்கொண்டது என்றுதான் அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அதனால் எந்த மைக்கில் அந்தப் பேச்சு வந்ததோ அதே மைக்கில், கூட்டம் கலைவதற்குள், "இது சங்கத்தின் பேச்சு இல்லை" என்று தலைவர் சொல்ல வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். பேசியவரிடமிருந்து பொறுப்பையும் மேடையையும் சில மாதங்களுக்கு எடுக்கலாம். தொழிலில் கை வைக்கக் கூடாது. பெயர் சொல்லப்பட்டவரின் வீட்டுக்கு நிர்வாகிகள் இரண்டு பேர் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான சங்கங்கள் விட்டுவிடுவது இதைத்தான். அவர் மூன்றாம் ஆள் வழியாகக் காது மூக்கு வைத்துக் கேள்விப்பட்டால் அவர் பக்கமும் ஆள் திரளும்.

இதெல்லாம் நடக்கிற கதையா என்று கேட்பவர்களுக்கு, இதே கரையில் விசைப்படகும் நாட்டுப்படகும் முட்டிக்கொண்ட காலத்தை நினைவூட்டலாம். அந்த மாதிரி மோதல்களின் பின்னணியில்தான் 1983இல் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. பாக் நீரிணையில் வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடும் இரு தரப்பும் எதிரெதிரே உட்கார்ந்து வந்ததுதான். 2014இல் சென்னையிலும் கொழும்பிலும் இலங்கைத் தமிழ் மீனவர்களோடு நம் மீனவர்கள் நேருக்கு நேர் பேசினார்கள். அங்கே உட்காரப் போகும் சங்கத்தின் மேடையில் முந்தின வாரம் "வலையை அறு, ஆளை அறு" என்று ஒருவர் பேசியிருந்தால், அந்தப் பேச்சு நமக்கு முன்னால் அக்கரை போய்விடும்.

இந்த நான்காவது வழி படுத்துவிடும் இடம் ஒன்று உண்டு: பேசியவரே தலைவராக இருக்கும்போது. அப்போது செயலாளரோ பொருளாளரோ எழுந்தால்தான் உண்டு. பல சங்கங்களில் அவர்கள் தலைவரின் மைத்துனராகவோ, அவர் படகில் தொழில் செய்பவராகவோ இருப்பார்கள். அதனால், ஊர் அமைதியாக இருக்கும் நாளிலேயே பைலாவில் ஒரு வரி சேர்த்துவைப்பது நல்லது: தலைவர் மீது இந்தப் புகார் வந்தால் விசாரிப்பது வெளி ஊர்ச் சங்க நிர்வாகிகள் மூவர். மண்டபம் ஆள் தொண்டிக்கு, தொண்டி ஆள் கீழக்கரைக்கு. சொந்தக்காரர் இல்லாத ஊராகப் பார்த்து எடுப்பதுதான் இதில் கஷ்டம்.