திருச்சியில் அம்மாவின் முட்டிச் சில்லைக் காட்டிய அனுபவம்

லண்டனிலிருந்து இந்த முறை ஊருக்குப் போனதில் பாதி நேரம் அம்மாவின் வலது முட்டிக்கே சரியாகப் போனது. போன வருடம்தான் மூட்டு மாற்று ஆபரேஷன் ஆனது. ஃபோனில் கேட்டால் "நல்லா நடக்கறேன்ப்பா" என்பார். நேரில் பார்த்தால் சமதரையில் நடை அருமை. மாடிப்படி இறங்கும்போது மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டாகத் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்குகிறார். நாற்காலியை விட்டு எழுந்தால் முட்டியின் முன்பக்கம் 'டொக்'கென்று ஒரு சத்தம்.

ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே முதலில் போனோம். காத்திருப்பு நான் பயந்த அளவுக்கு இல்லை. நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று எக்ஸ்ரே எடுத்துவிட்டு, "மூட்டு சூப்பரா உட்கார்ந்திருக்கு, இந்த வயசுல கொஞ்சம் வலி இருக்கத்தான் செய்யும்" என்று மாத்திரை எழுதினார்கள். எங்கே வலிக்கிறது என்று அம்மா விரல் வைத்துக் காட்டுவதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாயிற்று.

அந்த ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் பில்லைக் குறை சொல்ல முடியாது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுக்கு உச்ச விலை வைத்தபோது (சாதாரண கோபால்ட் குரோமியம் உலோக வகை அப்போது 54,720 ரூபாய், ஜிஎஸ்டி தனி), பிராண்டு, பேட்ச் எண்ணையெல்லாம் பில்லில் தனியாகக் காட்டச் சொன்னது. அது அப்படியே இருந்தது.

சித்தப்பா சொல்லி, தில்லைநகரில் இன்னொரு டாக்டர். அம்மாவைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, சில்லின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு காலை மெதுவாக நீட்டி மடக்கச் சொன்னார். மடக்கும்போது சில்லு வெளிப்பக்கம் ஒதுங்குவது எனக்கே தெரிந்தது. அப்புறம் ஸ்கைலைன் எக்ஸ்ரே எழுதினார். முட்டியை மடக்கிவைத்து, சில்லும் அது ஓடும் பள்ளமும் தெரிகிற மாதிரி எடுப்பது. படத்தில் சில்லு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நேர்ப்படத்தில் இது சரியாகப் பிடிபடாதாம்.

செயற்கை மூட்டில், தொடை எலும்பில் மாட்டும் உலோகப் பகுதியோ கீழ்க்கால் பகுதியோ உள்நோக்கித் திரும்பியிருந்தால் சில்லு வெளியே தள்ளப்படும். வெளிப்பக்கத் தசைநார் இறுகியிருந்தாலும் அப்படித்தான். சமதரையில் பெரிதாகத் தெரியாது. படி இறங்கும்போது சில்லின் மேல் உடல் எடையைப் போலச் சில மடங்கு பாரம் விழுவதால் அங்கேதான் வலி காட்டிக்கொடுக்கும். உலோகப் பகுதி அதிகமாகத் திரும்பியிருந்தால் மறு ஆபரேஷன் வரை போகலாம் என்பதால் சிடி ஸ்கேன் எடுத்தோம். நல்லவேளை, திருப்பம் வரம்புக்குள்தான் இருந்தது.

அம்மாவுக்குச் சில்லின் அடியில் பிளாஸ்டிக் உறை போடவில்லை. பிரிட்டனில் சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டும் நைஸ் (NICE) அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி, உறை போட்டுக்கொள்ளும் வாய்ப்பை நோயாளிக்குக் கொடுக்கச் சொல்கிறது. இங்கே டாக்டருக்கு டாக்டர் மாறுகிறது. "அது வேற விஷயம், முதல்ல தொடைக்குப் பலம் வரட்டும்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்த பிசியோ பையனுக்குத்தான் என் முழு மார்க். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, "துண்டை நசுக்குங்கம்மா, தொடை கல்லு மாதிரி ஆகணும்" என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே எண்ணுவான். அம்மா ஏமாற்றினால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். ஞாயிறு மட்டும் வரமாட்டான்.

நான் கிளம்பும்போது 'டொக்' குறைந்திருந்தது. படி இறங்குவது இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கைலைன் எடுக்க வேண்டும். வீடியோ காலில் பார்க்க மாட்டேன், கையால் தொட்டுத்தான் பார்ப்பேன் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், சித்தப்பா அழைத்துப் போகிறார்.