நான்கு கோடை ஓடிய பிஎல்டிசி ஃபேன்

2021 மே மாதம் மதுரை வெயிலில் ஹால் ஃபேன் காயில் கருகி நின்றபோதுதான் முதல் பிஎல்டிசி (BLDC, பிரஷ் இல்லாத டிசி மோட்டார் வைத்த, மின்சாரம் கம்மியாக இழுக்கும்) ஃபேன் வாங்கினேன். சாதா ஃபேனைப் போல இரண்டு மடங்கு விலை, வீட்டில் யாருக்கும் மனசே இல்லை. ஆறு மாதம் கழித்து இரண்டு படுக்கையறைக்கும் அதையே மாட்டினோம்.

மாட்ட வந்த எலெக்ட்ரீஷியன் அண்ணன் மேலே கப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி, இதுல கெபாசிட்டரையே காணோம்?" என்றார். சாதா ஃபேன் மோட்டார் கிளம்பிச் சுற்ற உதவுகிற பாகம் அது, இதற்கு அது தேவையில்லை. வித்தியாசமே மோட்டாரில்தான் இருக்கிறது. சாதா ஃபேனில் சுற்றுகிற பாகத்துக்குள்ளும் மின்சாரம் தூண்டப்பட்டுத்தான் அது ஓடும், அதில் ஒரு பங்கு வெறும் சூடாகப் போய்விடும். இதில் சுற்றுகிற பாகத்தில் நிரந்தரக் காந்தம், காயில்களுக்கு எப்போது மின்சாரம் போக வேண்டும் என்பதை ஒரு சின்ன போர்டு பார்த்துக்கொள்கிறது. ராத்திரி முழுக்க ஓடிய சாதா ஃபேனை நிறுத்திவிட்டு மோட்டாரைத் தொட்டால் நன்றாகச் சுடும். இது லேசான வெதுவெதுப்போடு சரி.

கணக்குக்கு வருகிறேன். பழைய ஃபேன் 75 வாட், இது முழு வேகத்தில் 30 வாட், ஆக 45 வாட் மிச்சம். எங்கள் வீட்டில் ஹால் ஃபேன் 16 மணி நேரம், படுக்கையறை ஃபேன்கள் ஒவ்வொன்றும் 9 மணி நேரம் ஓடும், நாளைக்கு மொத்தம் 34 மணி நேரம் என்றால் ஒன்றரை யூனிட், இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 90 யூனிட். 90 யூனிட்தானே என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டின யூனிட்டுக்கு விலை ஏறுவது மட்டுமில்லை, 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் குறைந்த விலையும் போய்விடும். ஏசி ஓடுகிற கோடையில் 560, 570 என்று வந்துகொண்டிருந்த ரீடிங் எங்களுக்கு 480 பக்கம் இறங்கியது. போட்ட காசு இரண்டாவது கோடையிலேயே பெரும்பாலும் திரும்பிவிட்டது.

ஆனால் காசை விட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. எங்கள் தெருவில் ஏப்ரல், மே மாதம் சாயங்காலம் ஏழு மணியானால் லோ வோல்டேஜ். பழைய ஃபேன் அப்போது சும்மா அசைந்துகொண்டிருக்கும், இது வேகம் குறையாமல் அப்படியே ஓடுகிறது. கரண்ட் போனாலும் அப்படித்தான். எங்களுடையது பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர், அதாவது லைன் கரண்ட் போல சீரான அலையாக இல்லாமல் கட்டம் கட்டமாக மின்சாரம் தருவது, அதில் சாதா ஃபேன் 'உர்ர்ர்' என்று இரைந்து தூங்கவே விடாது. இதில் அந்த இரைச்சல் துளியும் இல்லை, பேட்டரியும் கூடுதல் நேரம் வருகிறது. அம்மாவுக்கு இது பிடித்துப்போனதே அந்த ஒரு காரணத்தால்தான்.

சரி, குறைகள். பழைய ரெகுலேட்டரோடு இது சேராது, எடுத்துவிட்டு நேராக இணைக்க வேண்டும். அதனால் எல்லாமே ரிமோட்தான், அது தலையணைக்கு அடியில் போய்விட்டால் "டேய், அதை எங்கடா வச்சே?" என்று அம்மா நடுராத்திரி எழுப்புவார். இப்போது சுவிட்ச் போர்டு பக்கத்தில் ஒரு ஆணியில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். இருட்டில் மினுக்குகிற எல்இடி மேல் கறுப்பு டேப் ஒட்டியாகிவிட்டது.

என்னை நிஜமாகவே கோபப்படுத்தியது மூன்றாம் வருடம் ஐப்பசி மழையில் நடந்தது. ஒரு இடி விழுந்ததும் ஹால் ஃபேன் நின்றுபோனது, போர்டு போய்விட்டது. சாதா ஃபேன் என்றால் தெருமுனைக் கடையில் கெபாசிட்டர் வாங்கி மாற்றி அரை மணி நேரத்தில் ஓடவிட்டிருக்கலாம், காயில் போனாலும் சுற்றித்தர ஆள் இருக்கிறார். இந்த போர்டையோ அவர் கையால் தொடவே மாட்டேன் என்றார். வாரண்டி முடிந்திருந்தது, சர்வீஸுக்கு எழுதிப் போட்டு போர்டு வந்து சேர 11 நாள் ஆனது. ஒரு ஃபேன் இருபது வருடம் ஓடிப் பழகின வீடுகள் நம்முடையவை. போர்டை மட்டும் கடையில் தனியாக விற்காமல் இந்த ஃபேனை ஊர் ஊராக விற்பது சரியே இல்லை. அதற்கப்புறம் மீட்டர் பக்கத்தில், திடீரென்று எகிறி வரும் வோல்டேஜைத் தடுக்கிற சர்ஜ் தடுப்பான் ஒன்று போட்டோம், அடுத்த மழைக்காலம் தொந்தரவில்லாமல் போனது.

2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கும் மின்சிக்கனத்தைக் காட்டும் ஸ்டார் லேபிள் கட்டாயம், அதனால் வாங்குகிறவர்கள் அட்டையிலேயே வாட் பார்த்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு மணி நேரம் மட்டும் ஓடுகிற அறைக்கு இது தேவையில்லை, சாதா ஃபேனே போதும். மாடி அறையில் தம்பி குடும்பம் வரப்போகிறது, அங்கே நாள் முழுக்க ஓடும், அதற்கு இன்னொன்று வாங்கப் போகிறேன். கடையில் முதலில் கேட்கப் போவது, போர்டு தனியாக எங்கே கிடைக்கும் என்பதைத்தான்.