லாட்ஜ் தடுப்புச் சுவருக்கு மேல் ஃபயர் சீலண்ட் அடித்த வேலை: வேலூர் அனுபவம்

கடுகெண்ணெயில் காய்ந்த மிளகாய் தாளித்தால் என்ன ஆகும் என்று வேலூரில் லாட்ஜ் நடத்துகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வைத்தியத்துக்கு வரும் கொல்கத்தா, அசாம், ஜார்க்கண்ட் குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்குவார்கள், சில பேர் மாதக்கணக்கில், ஓட்டல் சாப்பாடு நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால் அறையிலேயே ஒரு மூலையில் அடுப்பு வைக்க இடம் கொடுத்துவிடுவோம். எங்களுடையதும் அப்படித்தான், காந்தி ரோட்டை ஒட்டிய சந்தில், மூன்றாவது மாடி ஒரே ஹாலாக இருந்ததை நாலு வருஷம் முன்னால் ஜிஐ ஸ்டட் (துத்தநாகம் பூசிய தகரச் சட்டம்) நிறுத்தி ஜிப்சம் போர்டு அடித்து எட்டு அறையாகப் பிரித்தோம்.

போன மார்ச்சில் ஒரு ராத்திரி 303இல் ஒரு வங்காளி அம்மா மீன் குழம்புக்குத் தாளிக்கிறார், 304இல் கீமோ முடிந்து வந்து படுத்திருந்த பெரியவர் இருமி இருமித் துவண்டு போய்விட்டார். கதவு சாத்தியிருக்கிறது, ஜன்னல் வேறு பக்கம், புகை எப்படி வந்தது? ரூம் பையன் ஏணி போட்டு ஃபால்ஸ் சீலிங் ஓடு ஒன்றைத் தள்ளினான். நான் தலையை உள்ளே விட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு சுவரில் போர்டு ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் நாலு அங்குலம் ஏறி அங்கேயே நின்றுவிட்டது, அதற்கு மேல் வெறும் ஸ்டட், பக்கத்து அறை வெளிச்சம் அப்படியே தெரிகிறது. மற்ற சுவர்கள் கான்கிரீட் வரைக்கும் போயிருந்தன, ஆனால் கான்கிரீட்டுக்கும் போர்டுக்கும் நடுவில் கட்டைவிரல் நுழைகிற இடைவெளி. ஓர் இடத்தில் அதில் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்திருந்தான் மகராசன், இன்னொரு இடத்தில் பிங்க் நிற ஃபோம். கீழே இருந்து பார்த்தால் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்து பளபளவென்று சுவர்!

தாளிப்புப் புகை போகிற வழியில்தான் தீப்புகையும் போகும். 2011 டிசம்பரில் கொல்கத்தாவில் ஓர் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் தீப்பிடித்தபோது இறந்த சுமார் 90 பேரில் பெரும்பாலோர் நெருப்பைப் பார்க்கவே இல்லை, மேல் மாடிகளில் படுத்திருந்தபடியே புகையில் மூச்சு முட்டிப் போனார்கள். எங்களிடம் தங்குகிற கொல்கத்தாக்காரர்கள் இன்றைக்கும் அதைப் பேசுவார்கள். அறை அறையாக அடுப்பு வைத்துக்கொண்டு எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

சரி, விமர்சனத்துக்கு வருகிறேன். அந்த இடைவெளிகளை ஃபயர் சீலண்ட், அதாவது தீயும் புகையும் தாண்டாமல் தடுக்கிற பசை, வைத்து அடைக்கிற வேலையை ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் கம்பெனிகளில் இதையே செய்து பழகிய ஒரு குழுவிடம் கொடுத்தேன், ஓர் அண்ணன், இரண்டு தம்பிகள். குழுவின் பெயரும் சீலண்ட் பிராண்டும் போடப்போவதில்லை, விளம்பரமும் வேண்டாம் வம்பும் வேண்டாம். பொருளோடு சேர்த்து ஒரு பக்கத்துக்கு ரன்னிங் அடி 140 ரூபாய். ஏழு தடுப்பு, ஒவ்வொன்றும் 14 அடி, அப்புறம் வராண்டா சுவர் 72 அடி, எல்லாம் இரண்டு பக்கமும் சேர்த்து 340 அடி, 47,600 ரூபாய். போர்டு குறையாக நின்ற இரண்டு சுவரை மேலே ஏற்றிக் கட்டியது தனிக் கணக்கு.

முதல் நல்ல விஷயம், அந்த அண்ணன் வந்ததும் சீலண்ட் கன்னை எடுக்கவில்லை, ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். பழைய ஆள் போர்டை மேல் சேனலிலும் (கூரைத் தளத்தில் பிடித்திருக்கும் படுக்கைச் சட்டம்) சேர்த்து ஸ்க்ரூ அடித்து இறுக்கி வைத்திருந்தான். "சார், மேல தண்ணி டேங்க் இருக்கு, நிரம்பினா தளம் ஒரு துளி தாழும், காலி ஆனா ஏறும், போதாததுக்கு உங்க ஊர் வெயில். போர்டு மேல் சேனல்ல பிடிச்சிருந்தா நான் எதை அடிச்சாலும் வெடிச்சிடும்" என்றார். ஸ்டட்டும் மேல் சேனலை முட்டாமல் கொஞ்சம் குட்டையாக நிற்க வேண்டும், போர்டை ஸ்டட்டில் மட்டும் பிடிக்க வேண்டும், அப்போதுதான் தளம் அசைந்தால் சுவர் நோகாது. ஜிப்சம் சுவர் வைத்திருக்கிற எல்லார் வீட்டிலும் சுவரும் கூரையும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக ஒரு விரிசல் ஓடுமே, நாமும் வருஷா வருஷம் பட்டி வைத்து மூடுவோமே, அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அந்த ஸ்க்ரூக்களைக் கழற்றவே முதல் நாள் முழுக்கப் போய்விட்டது. அதற்கு அவர் தனியாகக் காசு கேட்கவில்லை.

இரண்டாவது விஷயம் அவ்வளவு நன்றாக இல்லை. இடைவெளிக்குள் திணிக்க ராக்வூல் என்று பேசியிருந்தோம், மறுநாள் காலை தம்பி தூக்கிக்கொண்டு வந்தது மஞ்சள் கண்ணாடிப் பஞ்சு. பார்க்க அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும், நெருப்பு முன்னால் இரண்டும் ஒன்றல்ல. கண்ணாடிப் பஞ்சு 600, 700 டிகிரி சூட்டிலேயே இளகிச் சுருங்கிவிடும், பாறையை உருக்கி நூற்ற ராக்வூல் 1000 டிகிரியைத் தாண்டியும் நிற்கும். தீச்சோதனை அடுப்பில் அரை மணி நேரத்தில் 842 டிகிரி, ஒரு மணி நேரத்தில் 945 டிகிரி என்று சூட்டை ஏற்றுவார்கள், அப்படியானால் மஞ்சள் பஞ்சு முதல் அரை மணியைக் கூடப் பார்க்காது. நான் கேட்டதும் அண்ணனே தம்பியைத் திட்டினார், மதியத்துக்குள் சரியான பஞ்சு வந்தது. கேட்காமல் விட்டிருந்தால் வந்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

வேலை செய்த விதம் பார்க்க அழகு. பிரஷ்ஷால் தூசி தட்டி, ஈரத்துணியால் கான்கிரீட்டைத் துடைத்து, ராக்வூலை இடைவெளியைப் போல இரண்டு மடங்கு தடிமனில் பட்டையாக அறுத்து, பட்டிக் கத்தியால் அழுத்தி அழுத்தி இறுக்கித் திணிக்கிறார்கள். தளர்வாக விட்டால் தளம் ஏறும்போது பஞ்சு கழன்று இடம் விட்டுவிடும். போர்டு விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி நிறுத்தி அந்தப் பள்ளத்தில் சீலண்டை நிரப்பி, கத்தியைத் தண்ணீரில் நனைத்து ஒரே இழுப்பு. வெள்ளையாக, தயிர் பதத்தில், வாடை அதிகம் இல்லாத அக்ரிலிக் வகை. தண்ணீரில் கரைகிற சமாச்சாரம் என்பதால் கை கழுவினால் போய்விடுகிறது, காய்ந்தபின் மேலே பெயிண்ட் ஒட்டுகிறது. சிலிகானில் பெயிண்ட் நிற்காது. ஆனால் அசைவு அதிகம் இருக்கிற இடத்துக்கும் ஈரம் படுகிற இடத்துக்கும் சிலிகான்தான் மேல் என்று அண்ணனே சொன்னார். பாத்ரூம் ஓரம் இரண்டு இடத்தில் தீத்தடுப்பு சிலிகானைத்தான் போட்டார்.

இப்போது கணக்கு. ஒரு ட்யூப் 310 மில்லி. 15 மில்லிமீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் ஆழம் நிரப்பினால் இரண்டு மீட்டரும் ஒரு சாணில் பாதியும்கூட ஓடாது. எனக்கு 340 அடி, அதாவது ஏறக்குறைய 104 மீட்டர், ஆக ஐம்பது ட்யூப் வேண்டும். இவர்கள் கொண்டு வந்தது முப்பது. மூன்றாம் நாள் சாயங்காலம் "முடிஞ்சுது சார்" என்றபோது காலி ட்யூப்களை எண்ணினேன், முப்பதுதான், அதிலும் ஒன்றில் கால்வாசி மீதி. சில இடங்களில் இடைவெளி எட்டு மில்லிமீட்டர்தான், அதனால் மிச்சமாயிற்று என்று தம்பி சொன்னான். சில இடத்தில் இருபத்தைந்தும் இருந்ததே தம்பி?

மூன்று நாள் காயவிட்டு, கட்டர் பிளேடால் நாலு இடத்தில் ஓர் அங்குலம் அறுத்து எடுத்து ஸ்கேல் வைத்தேன். 301இல் 10 மில்லிமீட்டர், வராண்டாவில் 9, 306இல் 4, 307இல் மூன்றரை. வாசற்பக்கம், முதலாளி கண்ணில் படுகிற இடத்தில் முழுசாகவும், கடைசி அறைகளில் இட்லிக்கு எண்ணெய் தடவுகிற மாதிரியும். இந்தச் சீலண்ட் காயும்போது தண்ணீர் போய்க் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும், அதைக் கழித்தாலும் நாலு ரொம்பக் குறைவு. அறுத்த துண்டுகளை மேஜை மேல் வரிசையாக வைத்து அண்ணனைக் கூப்பிட்டேன். பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, அடுத்த நாளே இருபத்திரண்டு ட்யூப்போடு வந்து இரண்டு அறையையும் உடன் நின்று திரும்பச் செய்தார். இதற்காகவே அவருக்கு ஒரு நட்சத்திரம் கூடப் போடுகிறேன், தம்பிகளுக்கு ஒன்று குறைக்கிறேன்.

ஏப்ரல் வெயிலில் மொட்டைமாடி ஷெட்டில் ட்யூப் பெட்டியை வைத்துவிட்டார்கள், இது ஒரு தப்பு. மறுநாள் கன் அழுத்த அழுத்த நோசிலில் திப்பி திப்பியாக வந்தது. குளிர்ச்சியான இடத்தில் வைக்கவும் என்று ட்யூப் மேலேயே போட்டிருக்கிறது. கத்திரிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும்போதே இந்த நிலை. கீழே ரிசப்ஷனில் ஃபேன் அடியில் வைத்தபின் சரியானது. வேலூரில் இந்த வேலையை மார்கழியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பிங்க் ஃபோமைப் பிடுங்கி மொட்டைமாடியில் ஒரு துண்டைக் கொளுத்திப் பார்த்தேன், கரும்புகையோடு பற்றிச் சொட்டுச் சொட்டாக எரிந்தது. காய்ந்த சீலண்ட் துண்டையும் அதே தீயில் காட்டினேன், மேலே கருகிக் கெட்டியானது, தீயை எடுத்ததும் அணைந்துவிட்டது. இது பெரிய பரிசோதனை ஒன்றும் இல்லை, என் திருப்திக்கு. ஆனால் டப்பா மேல் பி1, பி2 என்று போட்டிருக்கிற ஃபோமைக் காட்டி "இதுவும் ஃபயர் ரேட்டட்தான் சார், பாதி விலை" என்று யாராவது வந்தால் ஏமாறாதீர்கள். அந்த எழுத்து, பொருள் எவ்வளவு சுலபமாகப் பற்றும் என்பதற்கான தரம். ஓர் இடைவெளியை அடைத்து ஒரு மணி நேரம் தீயை மறுபக்கம் விடாமல் நிறுத்துமா என்பது வேறு சோதனை, அதற்கு யூஎல் 2079 (அமெரிக்கத் தீச்சோதனை) அல்லது ஈஎன் 1366 நான்காம் பகுதி (ஐரோப்பியத் தீச்சோதனை) ரிப்போர்ட் கேளுங்கள். அதில் இடைவெளி அகலம், பஞ்சு ஆழம், சீலண்ட் ஆழம், சுவர் வகை எல்லாம் படத்தோடு இருக்கும். நம் சுவர் அந்தப் படம் மாதிரி இருந்தால்தான் அந்த மணி நேரம் நமக்கு.

இதில் ஓர் உண்மையை அண்ணன் மறைக்காமல் சொன்னார், அது எனக்குப் பிடித்திருந்தது. ட்யூப் மேல் இரண்டு மணி நேரம் என்று இருக்கிறது, ஆனால் என் சுவர் பக்கத்துக்கு ஒரே ஒரு சாதாரண 12.5 மில்லிமீட்டர் போர்டு. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர், சூடு பட்டால் அது ஆவியாகிக்கொண்டே இருக்கும் வரைக்கும் போர்டு தாங்கும், தீர்ந்ததும் வெடித்து உதிரும். மேலே இரண்டு மணி நேரச் சீலண்ட் போட்டுக் கீழே அரை மணி நேரச் சுவர் இருந்தால் அரை மணிதான். "உங்க காசு சார், சமையல் பக்கச் சுவருக்காவது பிங்க் ஃபயர் போர்டு ஒண்ணு மேல ஏத்துங்க" என்றார். சமையல் மூலை இருக்கிற நாலு சுவருக்கு மட்டும் ஏற்றியிருக்கிறேன், மற்றதற்கு அடுத்த சீசன் பார்க்கலாம். இன்னொரு டெண்டர்காரர் அதே சுவரைப் பார்த்துவிட்டு "ரெண்டு மணி நேரத்துக்கு நான் கேரண்டி" என்று கையெழுத்தே போடத் தயாராக இருந்தார்!

ஏசி காப்பர் பைப், வயர், பிவிசி பைப் சுவரைத் துளைத்துப் போகிற ஓட்டைகள் இந்த ரேட்டில் இல்லை. பிளாஸ்டிக் பைப் தீயில் உருகி ஓட்டையை விட்டுவிடும், அதற்குச் சூட்டில் பல மடங்கு உப்பி அந்த ஓட்டையை நெரித்து மூடுகிற கிராஃபைட் வகை வேண்டும், வெள்ளைச் சீலண்டைப் பூசி ஏமாற்றக் கூடாது. முன்கூட்டியே எண்ணி விலை பேசிக்கொள்ளுங்கள், நான் பேசாமல் விட்டு மாட்டிக்கொண்டேன்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை. சீலண்டுக்கு நாலு, வேலைக்கு மூன்று. திரும்பவும் இவர்களைத்தான் கூப்பிடுவேன், ஆனால் ட்யூப் கணக்கைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, கடைசி அறையிலிருந்து வேலையை ஆரம்பிக்கச் சொல்வேன்.

போன வாரம் 303இல் வேறொரு குடும்பம், அதே கடுகெண்ணெய், அதே காய்ந்த மிளகாய். பையனை 304இல் நிறுத்தி வைத்தேன். மேலே இருந்து வாடை இல்லை. ஆனால் கட்டில் தலைமாட்டில் மூக்கை வைத்தவன் "அண்ணா, இங்கே வருது" என்றான். சுவிட்ச் பாக்ஸ். இரண்டு அறைக்கும் ஒரே இடத்தில் முதுகோடு முதுகாக அறுத்து வைத்திருக்கிறார்கள், நடுவில் ஒன்றுமே இல்லை. அண்ணனுக்கு ஃபோன் போட்டேன், வியாழக்கிழமை வருகிறேன் என்றார். இன்று சனி.