சோலுக்கு மனசு, ஹார்ட் ராக்குக்கு மூளை: ரோலண்ட் ஜேசி-120 ஆம்ப்

பெங்களூருவில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஒத்திகை அறைகளான ஜாம் ரூம்கள் பலவற்றில் ஒரு மூலையில் நிற்கும் கறுப்புப் பெட்டி, ரோலண்ட் ஜேசி-120 என்ற கிடார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) இது. சோல் இசையும் ஹார்ட் ராக்கும் ஒரே பாட்டுக்குள் வேண்டும் என்கிற பேண்டுக்கு இது சரிப்படுமா? சோல் பாதிக்கு அருமை. ஹார்ட் ராக் பாதிக்கு வெளியிலிருந்து, காலால் மிதிக்கும் ஒரு எஃபெக்ட் பெடல் இல்லாமல் நடக்காது.

ஜேசி-120 வந்தது 1975இல். டியூப் (வால்வு) கிடையாது, முழுக்க டிரான்சிஸ்டர். இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர். ஒவ்வொன்றுக்கும் தனியாக 60 வாட் பவர் ஆம்ப். கோரஸ் எஃபெக்டைப் போட்டால் ஒரு ஸ்பீக்கரில் அசல் ஒலியும் மற்றதில் சுருதி லேசாக அலையும் ஒலியும் வரும். இரண்டும் கலப்பது பெட்டிக்குள் அல்ல, அறையின் காற்றில். அதனால்தான் பப்பில் ஒரே மைக்கை ஒரு ஸ்பீக்கர் முன்னால் வைத்துவிட்டு "கோரஸ் கேட்கவே இல்லை" என்று சவுண்டுக்காரரிடம் சண்டை பிடிக்க முடியாது. இரண்டு மைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் கோரஸை அணைத்துவிடுங்கள்.

சோல் ரிதம் கிடாருக்கு முக்கியம் வெட்டு. ஸ்னேர் விழும் 2, 4ஆம் அடிகளில் கார்டு சட்டென்று விழுந்து சட்டென்று நிற்க வேண்டும். இந்த ஆம்பில் ஒலி குழையாது, தெளிவாக நிற்கும். ஆனால் டியூப் ஆம்ப் சத்தம் ஏறும்போது தானாகவே அமுக்கித் தரும் மென்மை இதில் இல்லை. பழக்கமில்லாத கைக்குக் கண்ணாடி உடைவதுபோல் கேட்கும். பிரைட் சுவிட்சை அணைத்து, டிரெபிள் 4, மிடில் 7, பேஸ் 3 என்று தொடங்கலாம். முன்னால் ஒரு கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும்) பெடலை 3:1 அல்லது 4:1 விகிதத்தில், அட்டாக்கை (அது வேலை தொடங்கும் வேகம்) வேகமாக வைத்துப் போட்டால் விரலின் முரட்டுத்தனம் அடங்கும். பேண்டில் டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் இருந்தால் மிடிலை 5க்கு இறக்குங்கள். இல்லாவிட்டால் மூவரும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்வார்கள், பாடகரின் சொல் ஒன்றும் புரியாது.

இனி ஹார்ட் ராக். இரண்டாம் சேனலில் டிஸ்டார்ஷன் (உறுமல்) என்று ஒரு குமிழ் இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். டியூப் ஸ்கிரீமர் வகைப் பெடலும் இங்கே ஏமாற்றும். அது பேஸைக் குறைத்து, மிடிலைத் தூக்கி, ஏற்கெனவே உறுமத் தயாராக இருக்கும் டியூப் ஆம்பைத் தள்ளிவிடுவதற்கானது. உறுமவே மாட்டேன் என்கிற ஆம்பில் அது மெலிந்துதான் கேட்கும். ராட் என்ற பெடலைப் போல, உறுமலைத் தானே முழுசாக உண்டாக்கும் பெடல்தான் சரி: டிஸ்டார்ஷன் பாதி, ஃபில்டர் பாதிக்குக் கொஞ்சம் மேல் (வலப்பக்கம் திருப்பினால் டிரெபிள் குறையும்). ஆம்ப் மாதிரி ஒலிக்கும் ப்ரீஆம்ப் பெடல் இருந்தால், பின்னாலுள்ள எஃபெக்ட் ரிட்டர்ன் என்ற துளையில் நேராகச் செருகலாம். அப்போது முன்பக்க டோன் குமிழ்கள் வேலை செய்யாது, பெடலின் லெவல்தான் வால்யூம். மைக்கை ஸ்பீக்கர் கோனின் நடுவில் வைக்காமல் ஓரத்துக்குத் தள்ளினால் கொசு ரீங்காரம் பாதி போய்விடும். மெட்டாலிகா பேண்டின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு இந்த ஆம்பை வைத்துக்கொண்டதே உறுமல் இல்லாத கிளீன் பகுதிகளுக்குத்தான். உறுமலுக்கு அவரிடம் வேறு ஆம்ப் இருந்தது.

பெடலை மிதித்ததும் கிடார் காணாமல் போகிறதா? பெரும்பாலும் கெயின் (பெடலின் உறுமல் அளவு) அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். வீட்டில் தனியாக நன்றாகக் கேட்ட அளவில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். டிரம்ஸோடு வாசிக்கும்போது முதலில் கிளீன் வால்யூமைப் பாடகருக்கு ஏற்ப வைத்து, பிறகு பெடலின் லெவலை அதற்குச் சமமாக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் சோல் பகுதி வந்ததும் கிடார் முணுமுணுக்கும். பெட்டி தரையில் இருந்தால் வாசிப்பவரின் முழங்காலுக்குத்தான் டிரெபிள் போகும், ஸ்டூலில் ஏற்றுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவோர் முதலில் பின்பக்க வோல்டேஜைப் பாருங்கள். ஜப்பானில் விற்ற பெட்டிகள் 100 வோல்ட். நம் 230இல் செருகினால் கதை முடிந்தது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம், பெங்களூருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் விசாரிக்கலாம். கோரஸை அணைத்து இரண்டு ஸ்பீக்கரிலும் காது வையுங்கள். ஒன்று ஊமை என்றால் ஸ்பீக்கரோ, அதன் பவர் ஆம்போ போயிருக்கும். குமிழ் திருப்பும்போது கரகரத்தால் பயம் வேண்டாம், கான்டாக்ட் கிளீனர் போதும். கோரஸில் லேசான இரைச்சல் பழைய பெட்டிகளின் பிறவிக் குணம்.

பழைய கட்டடங்களில் எர்த் சரியில்லாமல் மைக்கில் உதடு பட்டதும் சுர்ரென்று ஷாக் அடிப்பதுண்டு. ஆம்பும் பி.ஏ. (மேடை ஒலிபெருக்கி) சிஸ்டமும் எர்த் உள்ள ஒரே லைனிலிருந்து எடுக்கப்பட வேண்டும். எர்த் பின்னை உடைத்து ஹம் இரைச்சலைப் போக்குவது உயிரோடு விளையாடுவது. கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் முன் வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிடுங்கள்.

எடை சுமார் 28 கிலோ. மாதம் ஒரு பப், வருடத்துக்கு ஓரிரு கல்லூரி விழா என்று இருக்கும் பேண்ட் இதை வாங்கவே வேண்டாம். ஜாம் ரூமிலும் மேடையிலும் கிடைப்பதை வைத்து இரண்டு பெடல்களோடு சமாளிக்கலாம். சொந்தமாக ஆம்ப் வேண்டுமென்றால் இரண்டு 10 அங்குல ஸ்பீக்கர் உள்ள ஜேசி-40 ஆட்டோவில் ஏறும். ஆனால் கை ஓங்கி அடிக்கும் டிரம்மர் இருந்தால் அதற்கும் மைக் வைத்தாக வேண்டும்.