ஆய்வுரையா, கற்பித்தல் பயிலரங்கா?

கல்லூரியில் நடத்தப்போவது ஆய்வுரையா, ஆசிரியர்களுக்கான கற்பித்தல் பயிலரங்கா என்பதைப் பொறுத்து ஏற்பாடு மாறும். ஆய்வுரைக்கு ஒரு மணி நேரம் என்றால் பேச்சு 40 நிமிடத்தில் முடிய வேண்டும், மிச்சம் கேள்விகளுக்கு. லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் (கலை, அறிவியல் எனப் பல துறைகளையும் சேர்த்துக் கற்பிக்கும் கல்லூரி) கேட்க வருபவர்களில் பலர் வேறு துறைக்காரர்கள், இளநிலை மாணவர்கள். முதல் 5 நிமிடத்தில் ஆய்வுக் கேள்வி என்னவென்று புரியாவிட்டால் கை தானாகக் கைபேசிக்குப் போய்விடும்.

பயிலரங்குக்கு 90 நிமிடமாவது வேண்டும். 20 பேர் தாண்டினால் சிரமம். படிக்கட்டு அரங்கம் உதவாது, நகர்த்தக்கூடிய மேசைகள் வேண்டும் (அறை பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்). ஒவ்வோர் ஆசிரியரும் தம் பாடத்தின் ஒப்படைப்புத் தாள் (மாணவர்களுக்குத் தரும் பணியின் விவரத்தாள்) ஒன்றைக் கொண்டுவரட்டும். 10 நிமிடம் தனியாகத் திருத்தம், 15 நிமிடம் வேறு துறைக்காரரோடு தாள் மாற்றம், பிறகுதான் பொது விவாதம். வெறுங்கையோடு வந்தால் பேச்சு பொதுப்படையாகி, இதுவும் இன்னோர் உரையாகிவிடும்.