வெண்பன்றிக்கு முயல் ஊசியா, செல் கல்ச்சர் ஊசியா? ஏழு வருடம் போட்டுப் பார்த்தவன் சொல்கிறேன்

நாமக்கல் பக்கம் பதினெட்டுத் தாய்ப்பன்றி வைத்து நடத்துகிறேன். பன்றிக் காய்ச்சல் என்றால் பலருக்கும் மனிதர்களுக்கு வருகிற எச்1என்1தான் ஞாபகம் வரும், நான் சொல்வது ஸ்வைன் ஃபீவர், பன்றிக்கு மட்டும் வருவது, ஒருமுறை நுழைந்தால் கொட்டிலையே காலி செய்துவிடும்.

2017-ல் ஆரம்பித்தபோது அதற்குக் கிடைத்த தடுப்பூசி, வைரஸை முயலில் வளர்த்தெடுக்கும் பழைய ஊசி. இங்கிலாந்தின் வெய்பிரிட்ஜ் வைரஸை வைத்து 1964 முதல் நம் நாட்டில் போடுவது. அதைக் குறை சொல்ல மாட்டேன், நேரத்துக்குப் போட்ட பன்றி எதுவும் என்னிடம் சாகவில்லை. ஆனால் நேரத்துக்குக் கிடைக்காது. ஒவ்வொரு தடவை தயாரிக்கவும் ஏகப்பட்ட முயல்களைக் கொல்ல வேண்டும், 2020-ல் சொன்ன கணக்குப்படி நாட்டுக்கு வருடம் 2.2 கோடி டோஸ் தேவை, தயாரானதோ 12 லட்சம்தான். 2019-ல் மூன்று மாதம் காத்திருந்தேன். அதற்குள் 31 குட்டிகள் போய்விட்டன. காதும் வயிறும் ஊதா நிறமாகி, பின்னங்கால் தள்ளாடி, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

2021-ல் செல் கல்ச்சருக்கு மாறினேன், அதாவது முயலுக்குப் பதில் ஆய்வகத்தில் செல்களில் வைரஸை வளர்த்துத் தயாரிக்கும் ஊசி. எனக்குக் கிடைப்பது முயலில் வளர்த்த அதே வைரஸைச் செல்லில் வளரப் பழக்கியது. நோயைத் தடுப்பதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, கேட்டபோது கிடைக்கிறது, எனக்கு அதுவே போதும். 2020 பிப்ரவரியில் இசத்நகர் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் நம் நாட்டு வைரஸிலிருந்தே ஒன்று வெளியிட்டது: டோஸ் 2 ரூபாய்க்குள், எதிர்ப்பு சக்தி இரண்டு வருடம் தாங்கும் என்றார்கள். பழையது அப்போது 15 முதல் 25 ரூபாய், தாங்குவது மூன்று முதல் ஆறு மாதம். அது கைக்கு எட்டினால் அதற்கே மாறுவேன்.

எந்த ஊசியானாலும் நாள் முக்கியம். தடுப்பூசி போட்ட தாயின் சீம்பாலில் வரும் எதிர்ப்பு சக்தி, ஊசியில் இருக்கும், பலவீனமாக்கிய உயிருள்ள வைரஸையும் அமுக்கிவிடும். இது புரியாமல் ஒரு மாதக் குட்டிகளுக்கே போட்டு ஒரு ஈற்று முழுக்க வீணடித்தேன். இப்போது டாக்டர் சொன்னபடி இரண்டு மாதத்தில் போடுகிறேன். அப்புறம், ஐஸ் பெட்டி இல்லாமல் ஊசி வாங்கப் போகாதீர்கள், கலக்கியதை உடனே போட்டு முடியுங்கள், மிஞ்சியதை நாளைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள்.

இன்னொன்று, இந்த ஊசிகள் எதுவும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலைத் தடுக்காது. அது வேறு வைரஸ், கழிவோடும் ஆட்களோடும் உள்ளே வந்துவிடும். அதனால்தான் ஹோட்டல் கழிவை நன்றாகக் கொதிக்க வைக்காமல் தொட்டியில் கொட்ட விடுவதில்லை, வெளியாட்களையும் கொட்டிலுக்குள் சேர்ப்பதில்லை.