கனகபுரா ரோடு இல்லமா, ஓசூர் இல்லமா?

அத்தைக்காக இரண்டு முதியோர் பராமரிப்பு இல்லங்களைப் பார்த்துவிட்டு வந்தோம். போட்டோவை வைத்து முடிவெடுப்பதென்றால் பெங்களூரு கனகபுரா ரோட்டு இல்லம்தான், பேச்சே இல்லை. மாந்தோப்பு, யோகா ஹால், சக்கர நாற்காலி ஏற வசதியாகச் சரிவுப் பாதை. ஓசூர் தாண்டித் தளி ரோட்டில் பார்த்ததோ சாதாரண மாடி வீடு, வாசலிலேயே போர்வைகள் காய்கின்றன. அத்தை பெங்களூரு அல்சூரிலேயே காலம் தள்ளியவர். இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு பெரும்பாலும் படுக்கை, சர்க்கரைக்கு இன்சுலின், மறதியும் ஆரம்பித்துவிட்டது. அவருக்கு மாந்தோப்பு எதற்கு? பார்க்க வருகிற நமக்குத்தான் அது.

இரண்டு இடத்திலும் நாங்கள் முதலில் கேட்டது ராத்திரியைப் பற்றி. பகலில் எல்லா இல்லமும் நல்ல இல்லம்தான். கனகபுராவில் ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமோ) படித்த நர்ஸ் சாயங்காலம் வரைதான் இருப்பார், அப்புறம் மாடிக்கு ஒரு ஆயா, அவசரமென்றால் டாக்டருக்குப் போன். ஓசூரில் நைட் டூட்டிக்கும் நர்ஸ் உண்டு என்றார்கள். வாய் வார்த்தையை நம்பாமல் டூட்டி ரிஜிஸ்டரைக் கேட்டோம், முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்டினார்கள்.

படுக்கையிலேயே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகுக்குக் கீழே புண் வந்துவிடும், வந்தால் ஆறுவது பெரும்பாடு. அதற்கு ஒரு சார்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். கனகபுராவில் "எல்லாம் பார்த்துக்கொள்வோம் சார்" என்றார்கள். ஓசூரில் கட்டிலிலேயே தொங்கியது, ஆனால் அன்றைய மதியக் கட்டம் இரண்டு காலியாக இருந்தது. எனக்கு அதுவே நம்பிக்கை தந்தது, எல்லாக் கட்டமும் ஒரே பேனாவில் நிரம்பியிருந்தால்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.

சாப்பாட்டில் ருசியைவிட நேரத்தைப் பாருங்கள். கனகபுராவில் ராச்சாப்பாடு ஆறரைக்கே முடிந்துவிடுகிறது, மறுநாள் எட்டு மணிக்குத்தான் டிபன். இன்சுலின் போடுகிறவருக்கு இவ்வளவு இடைவெளி இருந்தால் விடியற்காலையில் சர்க்கரை இறங்கிவிடும் பயம் உண்டு. ஓசூரில் ஒன்பது மணிக்குப் பாலும் பிஸ்கட்டும் தருகிறார்கள். ரசம் மட்டும் சுமார்தான்.

மொழியும் சின்ன விஷயமில்லை. அத்தைக்குக் கன்னடம் நன்றாகவே வரும், ஆனால் மறதி கூடக் கூடத் தமிழ்தான் வாயில் நிற்கிறது. கனகபுராவில் பராமரிப்புப் பெண்களுக்குத் தமிழே தெரியாது. வலிக்கிறது என்று சொன்னால் புரியாத இடத்தில் எப்படி விடுவது?

ஓசூரின் குறை தூரம். மஞ்சள் லைன் மெட்ரோ 2025இல் திறந்தும் பொம்மசந்திரா வரைதான், அப்புறம் பஸ் பிடிக்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்ப்பதுதான் நம் கையில் இருக்கிற ஒரே பரிசோதனை, தூரம் அதைக் குறைத்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் கனகபுராவுக்கு முழு மார்க், நம்மாட்களுக்கு வாரக் கடைசியில் சட்டென்று போய்வர முடியும்.

பதிவு விஷயம் ஒரு வரி. படுக்கை போட்டுச் சிகிச்சையும் தருகிற இடமென்றால் கர்நாடகத்தில் தனியார் மருத்துவ நிறுவனங்களுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும், அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டின் இதே மாதிரியான 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் பதிவு வேண்டும். சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், பெயரும் செல்லுபடித் தேதியும் சரியா என்று. புகார் சொல்லவோ ஆலோசனை கேட்கவோ முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது.

பணத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் டயப்பர், பிசியோதெரபி, ஆம்புலன்ஸ் எல்லாம் கனகபுராவில் தனிக் கணக்கு. டெபாசிட்டை எப்போது, எவ்வளவு பிடித்துக்கொண்டு திருப்பித் தருவார்கள் என்பதை எழுத்தில் கேட்டால் அங்கே பதில் வரவில்லை.

அத்தை எழுந்து நடமாடுகிறவராக இருந்திருந்தால் கனகபுராவுக்கே அனுப்பியிருப்பேன். இப்போதைக்கு ஓசூர், அதுவும் டெபாசிட் கட்டாமல் ஒரு மாதத்துக்கு மட்டும் என்று பேசியிருக்கிறோம்.